மாசாய் வீட்டு அதிதி

மாசாய் ஜனங்களின் குடியிருப்பில் வீடு என்பது பெண்ணின் சிருஷ்டி. கம்புகளை வெட்டிச் சுமந்து வந்து மண்ணில் நட்டு, அவற்றினிடையே சுள்ளிகளைப் பின்னி, பசுஞ்சாணத்தையும் மண்ணையும் சாம்பலையும் ஒன்றாகக் குழைத்துத் தன் கையாலேயே பூசி, மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் கூரையில் கண்ட வெடிப்புகளை மறுபடியும் மெழுகி அடைத்து, அந்த வீட்டை நிற்க வைக்கிறவள் அவளே. பல மனைவியரை உடைய குடும்பமானால் ஒவ்வொருத்திக்கும் தனித்தனி வீடு உண்டு. முட்கிளைகளை அடுக்கிய பெரிய வேலிக்குள், வாசலின் வலப்புறத்தில் முதல் மனைவியின் வீடும் இடப்புறத்தில் இரண்டாம் மனைவியின் வீடுமாக அவை அமைகின்றன. நடுவில் மாடுகள் இரவைக் கழிக்கும் பட்டி. ஆகவே, தொண்டு செய்யும் உத்தேசத்தோடு கடல் கடந்து போய், ஒரு மாசாய்க் குடும்பத்தோடு சில வாரம் வசித்துவிட்டு வருகிறவர் யாராயினும், அவர் தங்கியது ஒரு பெண்ணின் வீட்டில். அவள் எழுப்பிய சுவருக்குள், அவள் மூட்டிய அடுப்புக்கு அருகில், அவள் சுமந்து வந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு. இந்த ஏற்பாட்டினால் அந்தப் பெண்மணியின் கைக்கு என்ன வருகிறது, அவள் முதுகின்மேல் என்ன ஏறுகிறது என்னும் கேள்வியை முதலில் வைத்துக்கொண்டே இவ்விஷயத்தை ஆராய வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

வெளிநாட்டுக்குச் சென்று சேவை செய்யும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. சமயப் பிரசாரகர்களின் காலத்தை விட்டுவிட்டாலும், பிரிட்டனில் அலெக் டிக்ஸனும் அவர் மனைவி மோராவும் 1958-இல் தொடங்கிய வி.எஸ்.ஓ. ஸ்தாபனமும், 1961-இல் ஜனாதிபதி கென்னடியின் ஆணையால் அமெரிக்காவில் பிறந்த பீஸ் கோரும் ஆயிரக்கணக்கான இளைஞர்களை ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் அனுப்பிவைத்தன. பின்னாளில் தான்சானியாவின் பெரும்பகுதியாக அமைந்த டாங்கனீக்கா, பீஸ் கோர் தொண்டர்களை முதன்முதலில் வரவேற்ற தேசங்களில் ஒன்று. அந்தக் காலத்துத் தொண்டர் ஆண்டுக் கணக்கில் தங்கினார். ஊர்ப் பாஷையைக் கற்றார். ஒரு தொழிலோடு போனார். இப்பொழுதோ தங்கும் காலம் வாரக் கணக்காகச் சுருங்கிவிட்டது. நைரோபிக்குத் தெற்கேயுள்ள கஜியாடோவிலும், மாசாய் மாரா சரணாலயத்தைச் சூழ்ந்த நரோக் பிரதேசத்திலும், எல்லைக்கு அப்பால் தான்சானியாவின் அருஷாவைச் சுற்றியுள்ள கிராமங்களிலும், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பிக்கவும் கட்டடச் சுவருக்கு வர்ணம் பூசவும் மருத்துவச் சாலையில் ஒத்தாசை செய்யவும் கட்டணம் செலுத்தி வருகிற வெளிநாட்டவரை ஸ்தலத்துக் குடும்பங்களோடு தங்கவைக்கும் தொழில் வேரூன்றிவிட்டது. செலுத்தப்படும் பணம் பல கைகள் மாறியே கிராமத்தை அடைகிறது.

இவர்களை உபசரிக்கும் ஜனங்கள் யார்? கென்யாவின் தென்பகுதியிலும் தான்சானியாவின் வடபகுதியிலும் பரந்து கிடக்கும் புல்வெளிகளில் மாடும் ஆடும் மேய்த்து வாழும், மா என்னும் நைலோட்டியப் பாஷையைப் பேசும் சமூகத்தார். கென்யாவில் மாத்திரம் அவர்கள் தொகை ஏறத்தாழ 12 லட்சம் என்று 2019-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கு சொல்லுகிறது. சிவப்புக் கட்டம் போட்ட ஷுக்காத் துணியைப் போர்த்து, கையில் ஈட்டியோடு நெடிது நின்று குதிக்கும் இளைஞனின் படம் உலகெங்கும் பிரயாண விளம்பரங்களில் அச்சாகிவிட்டபடியால், காலத்தில் உறைந்துபோன ஜனங்கள் அவர்கள் என்ற தவறான எண்ணம் பலர் மனத்தில் படிந்திருக்கிறது. எட்வர்ட் சொகொய்னே தான்சானியாவின் பிரதம மந்திரியாக இருந்து 1984-இல் விபத்தில் காலமானபோது அந்தத் தேசம் முழுவதும் கண்ணீர் வடித்தது. அவர் மொண்டூலியைச் சேர்ந்த மாசாய். இன்று மாசாய்களில் வக்கீல்களும் வைத்தியர்களும் சட்டசபை அங்கத்தினர்களும் உண்டு. சாண வீடுகளுக்கு அருகிலேயே தகரக் கூரை வீடுகளும், அவற்றின்மேல் சூரிய ஒளித் தகடுகளும், மாடு மேய்ப்பவர் இடுப்பில் கைப்பேசியும் சாதாரணக் காட்சிகளாகிவிட்டன. அதிதியாகப் போகிறவர் தம் மனத்திலிருந்து இறக்கிவைக்க வேண்டிய முதல் சுமை அந்த விளம்பரப் படமேயாகும்.

அந்த வீட்டில் ஒரு நாள் எப்படி விடிகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கிழக்கு வெளுக்குமுன்பே வீட்டுத் தலைவி எழுந்துவிடுகிறாள். உள்ளே இருட்டு, சுவரில் கையளவே உள்ள துவாரத்தின் வழியாகத்தான் வெளிச்சம் வரவேண்டும், அடுப்புப் புகை போகவேண்டும். தாழ்ந்த வாசலில் குனிந்து வெளியே வந்து பட்டிக்குள் நுழைந்து, கன்றை விட்டுப் பிடித்து, மெல்லிய குரலில் பசுவோடு பேசிக்கொண்டே நீண்ட சுரைக்குடுவைக்குள் பால் கறக்கிறாள். எந்தப் பசு எவள் கறக்க உரியது என்பது குடும்பத்தில் முன்பே வகுக்கப்பட்ட ஏற்பாடு. மாடு புருஷனுடையதென்று சொல்லப்பட்டாலும் பாலின்மேல் அதிகாரம் மனைவிக்கு. பாலை ஊற்றிவைக்கும் குடுவையைச் சுத்தம் செய்யும் முறை பார்க்கத் தகுந்தது. காட்டு ஒலிவ மரத்தின் குச்சியொன்றை அடுப்பிலிட்டு, அதன் நுனி செங்கனலாகும்வரை எரித்து, காலிக் குடுவைக்குள் நுழைத்து, உட்சுவர் முழுவதும் தேயும்படி அவள் சுழற்றுகிறாள். உள்ளே சீறும் புகையோடு கரி படிகிறது. கனல் அவிந்ததும் கரித்தூளைத் தட்டிக் கொட்டிவிட்டுப் பாலை ஊற்றி மூடிவைக்கிறாள். அந்தக் குடுவையில் பால் சீக்கிரம் கெடுவதில்லை; புளித்துத் தயிராகும்போது புகையின் மணமும் மரத்தின் இலேசான கசப்பும் அதில் ஏறிவிடுகின்றன. அந்தப் பாலைத்தான் அதிதிக்கு முதலில் நீட்டுகிறார்கள். மாட்டின் இரத்தத்தைப் பாலோடு கலந்து பருகும் வழக்கத்தைப் பற்றி வெளியூரார் ஓயாமல் விசாரிக்கிறார்கள். இன்று அது விசேஷ காலங்களோடு நின்றுவிட்டது. அன்றாட உணவு உகாலி என்ற மக்காச்சோளக் களி, சுக்குமா விக்கி என்ற கீரை, சர்க்கரை நிறையப் போட்ட பால் தேநீர். நம்மவருக்கு எளிதில் பழகிவிடக் கூடியவையே.

பால் கறந்து மாடுகளை ஓட்டிவிட்ட பிறகு தண்ணீர்ப் பிரயாணம் ஆரம்பமாகிறது. 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றை முதுகில் சாய்த்து, அதைச் சுற்றிய வாரை நெற்றியில் மாட்டி, கழுத்தின் பலத்திலேயே அத்தனை பாரத்தையும் ஏற்றுக்கொண்டு பெண்கள் நடக்கிறார்கள். கழுதை உள்ள வீட்டில் கழுதை சுமக்கும். மழை பொய்த்த மாதங்களில் கிணறும் குட்டையும் வற்றிப்போய், உலர்ந்த ஆற்றுப் படுகையில் மணலைத் தோண்டி ஊற்று எடுக்க வேண்டியிருக்கும்போது, போய்வருவதற்கே பகலின் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. 20 லிட்டர் தண்ணீர் என்பது 20 கிலோ எடை. நகரத்திலிருந்து வரும் அதிதி காலையில் ஒரு வாளியும் மாலையில் ஒரு வாளியும் குளித்து, உடுத்ததைத் தினந்தோறும் துவைத்து, தட்டைக் கழுவ மறுபடியும் தண்ணீர் கேட்பாரானால், அவருடைய வருகையினால் அந்த அம்மாள் நாள்தோறும் அதிகமாகச் சுமக்க வேண்டிய கேன்களின் எண்ணிக்கையை அவரே கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பகலில் பள்ளிக்கூடத்துக்குச் சென்று குழந்தைகளுக்கு ஆங்கிலப் பாட்டு சொல்லிக்கொடுத்த திருப்தியோடு திரும்புகிறவரின் சேவை, வீட்டில் அவர் செலவழித்த தண்ணீருக்கு ஈடாகுமா என்பதை நான் உண்மையாகவே கேட்கிறேன். விறகும் அப்படியே. ஒரு கேனைத் தாமும் சுமந்து வந்தால்தான் பாரத்தின் கனம் விளங்கும். முதல் வாரத்தில் வேறு எந்த வேலையும் செய்யாமல் அந்த வீட்டுப் பெண்களோடு தண்ணீருக்கும் விறகுக்கும் போய்வருகிறவரே, அந்த ஊருக்கு எது தேவை என்று பேசும் யோக்கியதையைப் பெறுகிறார். ஆண்கள் அந்த வேலை செய்வது ஊர் வழக்கமன்று என்று சிரிப்பார்கள். வெளியூர் ஆடவர் செய்தால் அதை மன்னித்துவிடுவார்கள்.

இந்தக் குடும்பங்கள் அந்நியரை வீட்டுக்குள் அனுமதித்துப் பணம் பெற வேண்டிய நிர்ப்பந்தம் எங்கிருந்து வந்தது என்பதை அறியாமல், விருந்தோம்பல் அவர்கள் சுபாவம் என்று புகழ்ந்து நிறுத்திவிடுவது நியாயமன்று. விருந்தோம்பல் அவர்கள் சுபாவமே. ஆனால் சரித்திரமும் அதில் சேர்ந்திருக்கிறது. 1887-இல் இத்தாலியப் படையினர் எரித்திரியாவுக்குக் கொண்டுவந்த கால்நடைகளோடு ஆப்பிரிக்கக் கண்டத்தில் புகுந்த வெக்கை நோய், சில ஆண்டுகளுக்குள் மாசாய் மந்தைகளை அழித்துவிட்டது. அந்தக் கால்நடைகள் இந்தியாவிலிருந்து சென்றவை என்பது சரித்திராசிரியர் பலரின் கருத்து. அதன் பின்னே பெரியம்மையும் வறட்சியும் வந்தன. பஞ்சத்தில் மெலிந்து, தலைவர்களுக்குள் பிளவுபட்டு நின்ற அந்த ஜனங்களோடுதான் பிரிட்டிஷ் ஆட்சியாளர் 1904-இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, ரயில் பாதையை ஒட்டிய வளமான பிளவுப் பள்ளத்தாக்கு நிலங்களை ஐரோப்பியக் குடியேறிகளுக்கு ஒதுக்கி, மாசாய்களை வடக்கே லைக்கிப்பியாவுக்கும் தெற்கேயுள்ள ஒதுக்கிடத்துக்கும் பிரித்து அனுப்பினார்கள். ஓலோனானா என்ற சமயத் தலைவர் அதில் ஒப்பமிட்டார். மாசாய் என்ற இனம் உலகில் உள்ளவரை இந்த ஏற்பாடு நீடிக்கும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. ஏழே ஆண்டுகளில், 1911-இல், இன்னோர் உடன்படிக்கை, லைக்கிப்பியாவும் பறிபோயிற்று. குளிரிலும் மழையிலும் மந்தைகளோடு தெற்கே நடத்திச் செல்லப்பட்டபோது மனிதரும் மாடுகளும் வழியில் மாண்டனர். பர்சலோய் ஓலே கிலிஷோ என்ற தலைவர் பணிய மறுத்தார். அவரைச் சார்ந்தோர் வக்கீல் வைத்து நீதிமன்றம் ஏறினார்கள். 1913-இல் வந்த தீர்ப்பு, அந்த உடன்படிக்கைகள் இரண்டு அரசுகளுக்கிடையே ஏற்பட்டவை, ஆகையால் இந்த நீதிமன்றத்தின் விசாரணைக்கு உட்பட்டவையல்ல என்று கூறி வழக்கைத் தள்ளிவிட்டது. நிலத்தைப் பறிக்கும்போது பிரஜைகளாக நடத்தப்பட்டவர்கள் நியாயம் கேட்டபோது அந்நிய அரசாகிவிட்டார்கள். இதைப் படிக்கும்போது என் நெஞ்சு பொருமுவதை மறைக்க நான் விரும்பவில்லை.

சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் வனவிலங்குகளின் பேராலும் இதே கதை தொடர்ந்தது. செரெங்கெட்டி தேசியப் பூங்காவிலிருந்து 1959-இல் மாசாய்கள் வெளியேற்றப்பட்டு, அருகிலுள்ள நிகோரோங்கோரோவில் வன விலங்குகளோடு சேர்ந்து வாழலாம் என்ற உறுதிமொழியின் பேரில் அங்கே குடியேறினார்கள். 2022 முதல் அந்த நிகோரோங்கோரோவிலிருந்தும் குடும்பங்கள் தொலைவிலுள்ள ம்சோமேரா கிராமத்துக்கு அனுப்பப்பட்டு வருகின்றன. சுய விருப்பத்தின் பேரில் நடப்பது என்கிறது தான்சானிய அரசாங்கம், பள்ளியும் மருத்துவமும் படிப்படியாக முடக்கப்பட்டு நெருக்கப்படுகிறோம் என்கிறார்கள் அங்குள்ள மக்கள். அதே ஆண்டு ஜூனில் லோலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்தை எல்லைக் கல் நட்டுப் பிரிக்கப் போலீஸ் வந்தபோது மோதல் மூண்டு, ஒரு போலீஸ்காரர் உயிரிழந்தார், மாசாய்கள் பலர் காயமடைந்து எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடினார்கள். கென்யாவிலோ வேறு விதம்: 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கூட்டுப் பண்ணைகளாகப் பதிவான பொது மேய்ச்சல் நிலங்கள் பின்னர் குடும்பம் குடும்பமாகப் பங்கிடப்பட்டு, விற்கப்பட்டு, கம்பிவேலிகளால் துண்டாடப்பட்டுவிட்டன. மழை எங்கே பெய்கிறதோ அங்கே மந்தையை ஓட்டிச் செல்லும் ஜீவனத்துக்கு வேலி என்பது மூச்சைப் பிடிப்பது போன்றது. 2020-இன் இறுதியிலிருந்து ஐந்து மழைப் பருவங்கள் அடுத்தடுத்துப் பொய்த்தபோது கென்யாவின் வறண்ட பிரதேசங்களில் லட்சக்கணக்கில் கால்நடைகள் மடிந்தன. அதிதிகள் தரும் பணம் மாசாய் வீட்டின் வரவில் ஓர் இனமாகச் சேர்ந்திருப்பது இந்தப் பின்னணியில்தான். வெளியிலிருந்து நன்மை செய்வதாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்களின் நீண்ட வரிசையில் கடைசியாக வந்து நிற்கிறவர் இந்தத் தொண்டர் என்பது அவருக்குத் தெரியாவிட்டாலும், அவரை உபசரிக்கும் கிழவருக்குத் தெரியும்.

அப்படியானால் வெளியார் செய்யக்கூடிய உபகாரம் ஒன்றுமே இல்லையா? உண்டு, அதற்கு மேய்ப்பர்களின் வாழ்விலேயே ஓர் உன்னதமான சான்று இருக்கிறது. மாசாய்களைச் சீரழித்த அதே வெக்கை நோயைப் பூமியிலிருந்து ஒழிக்க விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகள் முயன்றார்கள். பழைய தடுப்பூசி மருந்து பலமானதுதான். ஆனால் அதை இடைவிடாமல் குளிரில் வைத்திருக்க வேண்டும். பாதையும் மின்சாரமும் இல்லாத புல்வெளிகளில் அது நடக்கிற காரியமன்று. அமெரிக்க மிருக வைத்தியரான ஜெஃப்ரி மாரினரும் அவருடைய சகாக்களும் 1980-களின் இறுதியில் குளிர்ப்பெட்டி இல்லாமலே ஏறத்தாழ ஒரு மாதம் கெடாதிருக்கும் மருந்தைப் பக்குவப்படுத்தினார்கள். அத்துடன் அவர்கள் நின்றிருந்தால் காரியம் முடிந்திராது. எத்தியோப்பியாவின் அஃபார் பிரதேசத்திலும் தென் சூடானிலும் மேய்ப்பர்களிலேயே தக்கவர்களைத் தேர்ந்து, ஊசி போடக் கற்றுக்கொடுத்து, மருந்தை அவர்கள் கையிலேயே ஒப்படைத்தார்கள். எந்த மாட்டுக்கு நோய், எந்த மந்தை எந்த மாதத்தில் எங்கே இருக்கும், எந்த மேய்ச்சல் நிலத்தில் இருவேறு மந்தைகள் கலக்கும் என்பவை அந்த மேய்ப்பர்களுக்கே தெரிந்த வித்தை. பட்டம் பெற்ற வைத்தியருக்கு அது தெரியாது. 2001-இல் கென்யாவின் மேரு பூங்காவில் காட்டெருமைகளிடம் கடைசியாகக் காணப்பட்ட அந்நோய் முற்றிலும் ஒழிந்துவிட்டதென்று 2011-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனித முயற்சியால் ஒழிக்கப்பட்ட நோய் இது ஒன்றே. தம்மிடமிருந்த ஒரே ஒரு நுட்பத்தைக் கொடுத்துவிட்டு, மற்றதனைத்தையும் அந்த ஊராரின் அறிவுக்கே விட்டுவிட்ட அந்த வைத்தியர்களைத்தான் தொண்டர் என்ற பெயருக்கு முழு உரிமை உடையவர்களாக நான் மதிக்கிறேன்.

இந்தப் பரிசோதனையில் இன்றைய குறுகிய காலத் தொண்டு பெரும்பாலும் தேறுவதில்லை. அடித்தளம் போடத் தெரியாதவர் அடித்தளம் போட்டால் அந்த ஊர்க் கொத்தனாரின் கூலிதான் குறைகிறது. மாதத்துக்கொரு வெளிநாட்டு ஆசிரியர் வந்து முதல் பாடத்திலிருந்தே தொடங்கினால் குழந்தையின் படிப்பு முன்னேறுவதில்லை. மருத்துவ மாணவர், தம் தேசத்தில் தொட அனுமதிக்கப்படாத நோயாளியை அங்கே தொடுவது பெரும் பிழை. அநாதைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆசை எல்லாவற்றிலும் அபாயமானது. தாய் தகப்பன் உள்ள குழந்தைகளே வெளிநாட்டுக் காணிக்கைக்காகக் காப்பகங்களில் சேர்க்கப்படும் அநியாயம் பெருகியதனால்தான், கென்ய அரசு 2017-இல் புதிய காப்பகங்களைப் பதிவு செய்வதையே நிறுத்திவைத்தது. இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர் 1968 ஏப்ரலில், மெக்ஸிகோவின் கிராமங்களுக்குத் தொண்டு செய்யப் புறப்பட்டிருந்த அமெரிக்க மாணவர்களின் முன் நின்று, பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு வராதீர்கள் என்ற பொருள்பட முகத்துக்கு நேரே பேசினார். அவர் வார்த்தை கடுமையானது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதன் நியாயம் குறையவில்லை. ஆயினும் அவரோடு நான் ஓரிடத்தில் வேறுபடுகிறேன். ஒரு வீட்டில் கூடவே வசித்து, அந்த வீட்டாரின் வேலையில் தோள் கொடுத்து, அவர்கள் கேட்டதை மாத்திரம் கேட்ட அளவில் செய்வதற்கு வழி இருக்கும்வரை, அந்தப் பிரயாணம் வீணென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்குத் தெரிந்தவர் பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தின் மணிமாலை வியாபாரக் கணக்கைச் சீர்ப்படுத்திக் கொடுக்கலாம். குழாய் வேலை தெரிந்தவர் மழைநீர்த் தொட்டியின் கசிவை அடைத்து, அந்த வேலையை அந்த ஊர் இளைஞருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வரலாம்.

பெறுகிறவர்களாகவே மாசாய்களை எண்ணிப் பழகிய உலகத்துக்கு, மாரா நதிக்கு மேற்கேயுள்ள ஏனூஸேன் என்ற ஊர் ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. அவ்வூரில் பிறந்து அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த கிமேலி நையோமா என்ற இளைஞர், 2001 செப்டம்பர் 11-ஆம் தேதி நியூயார்க்கில் இருந்தார். ஊருக்குத் திரும்பியபோது, அந்நகரில் அன்று நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் கண்டதைப் பெரியோர்களிடம் விவரித்தார். வானளாவிய கட்டடங்களைப் பார்த்திராத அந்தப் பெரியோர், துக்கத்தில் இருக்கும் ஜனங்களுக்கு நாம் என்ன செய்யலாம் என்று யோசித்து, தங்களுக்கு எது மிகவும் விலைமதிப்பற்றதோ அதையே கொடுப்பதென்று தீர்மானித்தார்கள். மாசாய்க்குப் பசு என்பது ஆஸ்தி மாத்திரமன்று. வானத்திலிருந்து கடவுள் தங்களுக்கென்றே இறக்கிய அனுக்கிரகம் என்பது அவர்கள் ஐதிகம். 2002 ஜூன் மாதத்தில் அமெரிக்கத் தூதரக அதிகாரியை வரவழைத்து, ஆசீர்வாதம் செய்து, 14 பசுக்களை அமெரிக்க ஜனங்களுக்குத் தானம் செய்தார்கள். கடல் கடந்து கொண்டுபோக இயலாதாகையால் அந்தப் பசுக்கள் அவ்வூரிலேயே பெரியோர்களின் பராமரிப்பில் வளர்ந்து பெருகின. உலகத்தின் மிகப் பெரிய செல்வந்த தேசத்துக்கு ஒரு புல்வெளிக் கிராமம் ஆறுதல் தானம் கொடுத்த அந்தச் செய்கையைப் போல மனத்தை நெகிழ்விக்கும் செய்தியை நான் அதிகம் அறிந்ததில்லை. அவர்கள் வீட்டுக்கு அதிதியாகப் போகிறவர் இதை அறிந்து போனால் அவருடைய தலை தானாகவே தாழும்.

அதே ஏனூஸேனில்தான் ககென்யா இன்டாயா என்ற பெண்மணியும் பிறந்தார். ஐந்து வயதிலேயே நிச்சயதார்த்தம் செய்யப்பட்டவர். பெண்ணுறுப்பைச் சிதைக்கும் சடங்குக்கு உடன்படுவதானால் தம்மை உயர்நிலைப் பள்ளி முடியும்வரை படிக்கவிட வேண்டும் என்று தகப்பனாரிடம் பேரம் பேசி, அந்தக் கொடிய விலையைக் கொடுத்துப் படித்தவர். அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தபோது, பிரயாணச் செலவை ஊரார் திரட்டிக் கொடுத்தார்கள். திரும்பி வந்து ஊருக்கு உழைப்பேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறையில் டாக்டர் பட்டம் பெற்றவர், 2009-இல் ஏனூஸேனில் பெண்களுக்கென்று ஒரு பள்ளியைத் திறந்து அந்த வாக்கை நிறைவேற்றினார். மகளைச் சேர்க்க வரும் பெற்றோர், அந்தச் சடங்கைச் செய்வதில்லை, படிக்கும் காலத்தில் மணம் முடிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டால்தான் அங்கே இடம். கென்யாவில் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சடங்கைக் குற்றமாக்கியது. ஆயினும் சட்டம் எட்டாத வேலிகளுக்குள் அதை நிறுத்துகிறவர்கள் இவரைப் போன்ற அந்த ஊர்ப் பெண்களே. சில வாரம் தங்க வந்த அதிதி, இரவு அடுப்படியில் அந்தப் பேச்சை எடுத்து உபதேசம் செய்யத் தொடங்குவது, அந்தப் பெண்கள் ஆண்டுக்கணக்காகப் பொறுமையோடு கட்டிய நம்பிக்கையைக் கலைத்துவிடும். அவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும், பண உதவி செய்யும் சக்தி இருந்தால் இத்தகைய பள்ளிகளுக்குச் செய்யட்டும்.

போக விரும்பும் நம் வாசகர்களுக்குச் சில விவரங்கள். கென்யாவிலிருந்து இந்தியா திரும்புகிறவரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் அந்த ஊசி போடப்படுகிறது. போட்டுக்கொண்ட பத்தாம் நாள் முதலே சான்றிதழ் செல்லும் என்பதால் முன்கூட்டியே போக வேண்டும். மலேரியாவுக்கு வைத்தியரைக் கலந்து மாத்திரை எடுத்துச் செல்லுதல் அவசியம். 2024 ஜனவரி முதல் கென்யா விசாவுக்குப் பதிலாக மின்னணுப் பிரயாண அனுமதியைக் கொடுத்துவருகிறது. சம்பளம் இல்லாத தொண்டுக்கும் அந்தச் சுற்றுலா அனுமதி போதாது, தனி அனுமதி பெற வேண்டும் என்பதைப் பல ஏற்பாட்டாளர்கள் சொல்லாமல் விடுகிறார்கள். தான்சானியாவிலும் தொண்டர்கள் பெற வேண்டிய வசிப்புரிமை வகுப்பு உண்டு. மார்ச் முதல் மே வரை நீண்ட மழைக்காலம். செம்மண் பாதைகள் சேறாகிவிடும். குழந்தைகள் அருகில் வந்து தலை குனிந்து நின்றால், உச்சந்தலையில் உள்ளங்கையை மெல்ல வைக்க வேண்டும். அதுவே பெரியவர்களிடம் அவர்கள் எதிர்பார்க்கும் வணக்கத்தின் பதில். மாடுகள் எத்தனை என்று கேட்பது மரியாதையன்று. படம் எடுக்குமுன் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அத்துடன் விட்டுவிட வேண்டும்.

அனுப்பிவைக்கும் ஸ்தாபனத்திடம் பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவையும் உண்டு. இந்த வேலையை வேண்டுமென்று கேட்டவர் ஊரில் யார்? நான் வராவிட்டால் இதைக் கூலிக்குச் செய்யக்கூடியவர் அங்கே இருக்கிறாரா? என் தங்கலுக்கான தண்ணீரை யார், எங்கிருந்து கொண்டுவருகிறார், அதற்குக் கழுதையோ லாரித் தண்ணீரோ ஏற்பாடு உண்டா? நான் கொடுக்கும் தொகையில் வீட்டுத் தலைவிக்கு எவ்வளவு? இவற்றுக்கு நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதிருப்பதே நல்லது. கென்யாவில் 2007 முதல் நடந்துவரும் எம்-பெசா என்ற கைப்பேசிப் பண ஏற்பாடு மிகச் சிறிய கிராமத்தையும் எட்டிவிட்டது. பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கிய உள்ளூர் சிம் இருந்தால் அதிதியும் அதைப் பயன்படுத்தலாம். கணவருக்கோ தரகருக்கோ போகாமல், தங்குவதற்கான தொகையை வாரந்தோறும் அந்த அம்மாளின் எண்ணுக்கே நேராக அனுப்ப முடியுமா என்று எழுத்து மூலம் கேட்டு, சம்மதம் வந்த பிறகு டிக்கெட் வாங்குங்கள்.